மூன்று தெருவுக்கு மூன்று பொய்

வேலங்குளம் பேரூராட்சித் தலைவி ஜக்கம்மாவுக்கு நாலு பாஷை தெரியும். கூட்டத்துக்குக் கூட்டம் துணைத்தலைவர் சுருளிராஜன் இதைச் சொல்லிப் பெருமையடிப்பார். "எங்க தலைவி நாலு பாஷையிலயும் வெளுத்து வாங்குவாக" என்பார், என்னவோ பக்கத்தில் உட்காரவைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் அவரே என்பதுபோல. யோசித்துப் பார்த்தால் அதுவும் பாதி உண்மைதான். தெலுங்கைத் தாய் கொடுத்தாள், தமிழை ஊர் கொடுத்தது. கன்னடத்தையும் மலையாளத்தையும் அவள் கற்றுக்கொண்டது அந்த மனுசன் மேல் வைத்த வஞ்சத்தினால்.

அந்த வஞ்சத்துக்கு வயது இருபத்திரண்டு.

அப்போது சுருளிராஜனிடம் ஆறு ஜீப்புகள் ஓடின. விடியுமுன் ஊரில் பெண்களை ஏற்றி, கம்பம் மெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளில் இறக்கிவிட்டுச் சாயந்திரம் திருப்பிக் கொண்டுவரும் ஜீப்புகள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரைத் திணிப்பார்கள். அதில் ஒன்றை ஓட்டியவன் ஜக்கம்மாவின் புருசன் வீரபாண்டி. ஒருநாள் சாயந்திரம் வந்தவன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

"பிரேக்கை மிதிச்சா தரைக்குப் போகுது புள்ள. குழாய்ல துணியைச் சுத்திக் கம்பியால கட்டிவிட்டிருக்காக. முதலாளிகிட்டச் சொன்னா, ஓட்ட முடியலைன்னா சாவியைக் குடுத்துட்டுப் போலேன்னுட்டாக."

மறுநாள் மலையிறங்கும்போது அந்த ஜீப் ஒரு வளைவில் நிற்காமல் போய்விட்டது. வீரபாண்டியும், அவனோடு ஐந்து பெண்களும் செத்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியே சுருளிராஜன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இழவு வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அடடா, என்ன அழுகை அழுதார்! பெத்த பிள்ளை போனவன்கூட அப்படி அழுதிருக்க மாட்டான். அழுதுகொண்டே, டிரைவர் குடித்திருந்தான் என்று கீழத்தெருவில் சொன்னார். குடிகாரன் பிணம் எங்கள் தெரு வழியாகப் போகக் கூடாது என்று கீழத்தெரு மறித்துக்கொண்டது. மறித்தவர்களில் முதல் ஆளாக நின்றவள் முத்துப்பேச்சி. பத்தொன்பது வயது மகள் கயலை அந்த ஜீப்பில் பறிகொடுத்தவள். மண்ணை அள்ளித் தூற்றினாள். வீரபாண்டியை வாய்க்கால் கரை வழியாக, உறுமிச் சத்தம் இல்லாமல், திருட்டுப் பொருளைக் கடத்துவது மாதிரி கொண்டுபோனார்கள். அவன் பிறந்த தெலுங்கு பேசும் கம்பளத்தெருவில் எவனுக்கும் உறுமி இல்லாமல் இறுதி வழி கிடையாது. அன்றைக்கு வாசலில் நின்ற ஜக்கம்மா, இந்தப் பெயரைத் துடைக்காமல் நான் சாகமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள்.

கேரள போலீஸ் அவளிடம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்திருந்தது. எல்லாம் மலையாளம். அவளுக்கு அது ஜிலேபியைப் பிழிந்துவிட்ட மாதிரித்தான் தெரிந்தது. ஊரில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் சுருளிராஜனின் கணக்குப்பிள்ளை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "குடிச்சிருந்தான்னுதேன் போட்டிருக்கு தாயி" என்றார்.

சரி, நானே வாசித்துக்கொள்கிறேன் என்று அவள் முடிவு செய்தாள். வேறொருவர் ஜீப்பில் எஸ்டேட் வேலைக்குப் போனாள். பேச்சு இரண்டு வருசத்தில் நாக்கில் ஏறியது. எழுத்து லேசில் வரவில்லை. குமுளி பஸ் போர்டு, அரிசிச் சாக்கு, பொட்டலம் மடித்த பழைய பேப்பர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டினாள். எட்டாவது வருசம் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டை வரிவரியாக வாசித்தாள். பிரேக் குழாய் முன்பே வெடித்திருந்தது, துணி சுற்றிக் கட்டியது பல நாள் பழையது என்று வண்டியைச் சோதித்தவர் எழுதியிருந்தார். டிரைவர் வயிற்றில் சாராயம் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். ஜக்கம்மா முதலில் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

கன்னடம் வந்த கதை வேறு. எஸ்டேட்டில் ஏலக்காய் பொறுக்கும்போது மேலத்தெருப் பெண்கள் அவளோடு உட்காருவார்கள். மேலத்தெரு வீட்டில் கன்னடம் பேசும் தெரு. வெளியில் எல்லாரும் தமிழ்தான். ஆனால் கீழத்தெருக்காரி எவளாவது பக்கத்தில் வந்தால் சட்டென்று கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள். என்னடி அப்படி ரகசியம் என்று காதைத் தீட்டினாள் ஜக்கம்மா. தீட்டியவளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கயலும் டிரைவரும் சிரித்துக் கொஞ்சிக்கொண்டு வந்தார்கள், அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, வண்டி கவிழ்ந்தது. இது மேலத்தெருவுக்குச் சுருளிராஜன் சொல்லியிருந்த பொய். அவளுடைய சொந்தக் கம்பளத்தெருவிலோ, இன்னொரு ஜீப்போடு பந்தயம் விட்டான் என்று சொல்லியிருந்தார். குடித்தான் என்றால் அங்கே நம்பமாட்டார்கள்; வீரபாண்டி சொட்டுத் தொடாதவன் என்று தெருவே அறியும்.

மூன்று தெருவுக்கு மூன்று பொய்! என்ன துணிச்சல் பாருங்கள். ஆனால் ஊர் லட்சணம் தெரிந்த துணிச்சல் அது. மூன்று தெருவும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும், ஒரே ஜீப்பில் மலையேறும், ஒருவர் வீட்டு விசேசத்தில் ஒருவர் சாப்பிடும். செத்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு தெரு இன்னொரு தெருவிடம் வாய் திறக்காது. அது மரியாதையாம்.

அன்றைக்கே அவள் கத்தியிருக்கலாம். கத்தினால், குடிகாரன் பொண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்றிருப்பார்கள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அந்த வாயால் மற்றக் காரியங்களைச் செய்தாள். கேரள ஆஸ்பத்திரியில் கிடக்கும் மேலத்தெருக்காரருக்காக டாக்டரிடம் பேசினாள், எஸ்டேட்டில் கை முறிந்தவளுக்கு மலையாளத்தில் மனு எழுதினாள், தேனி கலெக்டர் ஆபீஸ் படியேறினாள். ஜக்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ என்பது ஊரில் வழக்காகிவிட்டது. வார்டு கவுன்சிலராக நின்றபோது மூன்று தெருவும் ஓட்டுப் போட்டது.

அந்த வருசம் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சுருளிராஜனுக்குச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட, தலை நிமிராத ஒரு பெண் வேண்டியிருந்தது. நேராக ஜக்கம்மா வீட்டுக்கே வந்தார்.

"பழசை எல்லாம் நான் மறந்துட்டேன் ஆத்தா. நீயும் நாலு பேரு முன்னாடி தலை நிமிந்து நடக்கணும்ல."

கேட்டீர்களா? கொன்றவர் வந்து மன்னிக்கிறார்! ஜக்கம்மாவின் நகம் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. "நீங்க சொன்னாச் சரிதேன் அண்ணே" என்றாள்.

மூன்று வருசம் அவர் சொன்னபடிக்குத்தான் தலைவியாக இருந்தாள். அவர் ஜீப்புகள் பதினாலாகிவிட்டன. ஊர் முக்கில் ஜீப்புகள் நிற்கவும் பெண்கள் ஒதுங்கவும் கூரை போட்டு ஒரு நிலையம் கட்டினார்கள். அதற்குச் சுருளிராஜன் பெயரையே வைக்கத் தீர்மானம் போட வைத்தார். திறப்பு விழா அவருடைய அறுபதாவது பிறந்தநாளில். எஸ்டேட் முதலாளிகள் வருகிறார்கள், மூன்று தெருவும் வரும், தலைவி நாலு பாஷையிலும் பேசவேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார்.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். வந்தவர் வழக்கம்போலக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பேசப்போறதை வாசிக்கிறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணே" என்றவள், போலீஸ் காகிதத்தை எடுத்து மலையாளத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். தொழிலுக்காகச் சுருளிராஜனுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. மூன்றாவது வரியிலேயே மேலே கிடந்த கால் கீழே இறங்கியது.

"இது எங்கன இருந்துச்சு?"

"எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில. உங்க கணக்குப்பிள்ளை வாசிச்சுச் சொன்னாகளே, குடிச்சிருந்தான்னு போட்டிருக்குன்னு, அதே காயிதம்."

"இருபது வருசக் கதை தாயி. எவன் காதுகுடுத்துக் கேப்பான்?"

"மலையாளத்துல வாசிச்சா எஸ்டேட்காரக கேப்பாக. பிரேக் இல்லாத வண்டியில ஆளு ஏத்துறவுக ஜீப்பை எவுகளும் வேலைக்கு வைக்க மாட்டாக. அப்புறம் மேலத்தெருவுல நீங்க சொன்னதைக் கீழத்தெருவுக்குச் சொல்லுவேன். கீழத்தெருவுல சொன்னதைக் கம்பளத்தெருவுக்குச் சொல்லுவேன். ஒரே மேடையில, அவுகவுக வீட்டுப் பேச்சுல. மூணு தெருவும் ஒண்ணா எந்திரிச்சா எங்கன ஓடுவீக?"

டீ வந்தது. சுருளிராஜன் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"உனக்கு என்னதேன் வேணும்?"

"அஞ்சு வீடு. இன்னைக்கே. நான் கூட வாரேன். அங்க என்ன பொய் சொன்னீக, எது நெசம், எல்லாத்தையும் உங்க வாயால சொல்லணும். சொன்னா மேடையில நான் வாசிக்க மாட்டேன்."

சுருளிராஜன் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். மேடை என்றால் கதை முடிந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசிச் சமாளிப்பதோ அவருக்குக் கைவந்த கலை. முன்னாடி செய்ததுதானே! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

முதலில் மேலத்தெரு, இரண்டு வீடு. பெண்டாட்டியைப் பறிகொடுத்த சுந்தர்ராஜ் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டார். சுருளிராஜன் உட்காராமல், "அன்னைக்கு ஏதோ ஒரு பதட்டத்துல, வாய் தவறி..." என்று இழுத்தார்.

ஜக்கம்மா அதை அப்படியே விடுவாளா? "சுள்ளு" என்றாள் கன்னடத்தில். பொய் என்பதற்கு அந்தத் தெருவில் அந்த ஒரு சொல்தான். தமிழில் அவர் சுற்றிவளைத்த ஒவ்வொன்றையும் அவள் கன்னடத்தில் நேராக்கி வைத்தாள். பிரேக் இல்லை. தெரிந்தே அனுப்பினார். டிரைவரும் அந்தப் பிள்ளையும் சிரித்தார்கள் என்று சொன்னது இவர் கட்டிய கதை. உள்ளேயிருந்து கிழவிகள் வந்து நின்றார்கள். சுந்தர்ராஜ், போட்ட நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். எதிரே இருந்த இரண்டாவது வீட்டில் பேசி முடிக்குமுன் விளக்குமாறு பறந்து வந்தது. ஜக்கம்மாவுக்கு நெஞ்செல்லாம் இனித்தது. இத்தனை இனிப்பாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

கம்பளத்தெருவுக்குள் நுழையும்போது பின்னால் முப்பது நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அங்கேயும் இரண்டு வீடு. ஒரு வீட்டில், மகளை இழந்த ராக்கையா. உறுமிக்காரர். பந்தயம் விடவில்லை, பிரேக் இல்லை என்று கேட்டதும் கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடே பாவி, இந்தப் பேச்சைக் கேட்டுட்டு அந்தப் பயலுக்கு நான் உறுமி எடுக்கலையே. அடிக்கமாட்டேன்னு மூலையில வச்சேனே."

சுருளிராஜன் கும்பிட்டார். கும்பிடட்டும் என்று ஜக்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வீட்டில் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவள்தான் விலக்கிவிட்டாள். பாவம் பார்த்து அல்ல, இன்னும் ஒரு வீடு பாக்கியிருந்தது.

கீழத்தெருவைக் கடைசிக்கு வைத்தது அவள் வேண்டுமென்றே செய்தது, பந்தியில் இனிப்பைக் கடைசியில் தின்பதுபோல. பிணத்தை மறித்தவள், மண்ணைத் தூற்றியவள், இருபத்திரண்டு வருசமாகத் தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைவியானபின் மட்டும் வேண்டாவெறுப்பாகக் கும்பிட்டவள். அந்த முத்துப்பேச்சியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்குத்தான் இத்தனை வருசக் காத்திருப்பு.

முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும், "வாங்க தலைவி" என்று எழுந்தாள். ஜக்கம்மா முதல் படியில் ஏறி நின்றாள். சுருளிராஜன் தெருவிலேயே நின்றார்.

கீழத்தெருவுக்கு வீட்டிலும் தமிழ்தான்; இங்கே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. நாலு வீட்டில் அடிபட்டு வந்தவர் சுற்றிவளைக்கவும் இல்லை. வீரபாண்டி குடிக்கவில்லை, பிரேக் இல்லை என்று முன்னாடியே சொன்னான், நான்தான் ஓட்டச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

முத்துப்பேச்சியின் மடியிலிருந்து கீரை சரிந்தது. "குடிக்கலையா?" என்றாள். "அவன் குடிக்கவே இல்லையா?" அவள் முகம் ஜக்கம்மா ஆசைப்பட்டபடியே மாறியது. கண் கலங்கி, வாய் கோணி, நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ருசி கண்ட பூனை விடுமா?

"இன்னும் இருக்குல்ல அண்ணே" என்றாள் ஜக்கம்மா. "மேலத்தெருவுல கயலைப் பத்தி என்ன சொன்னீக? அதையும் சொல்லுங்க."

சுருளிராஜனே ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அது வேணாம் தாயி. பெத்தவ முன்னாடி..."

"சொல்லுங்க."

சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

முத்துப்பேச்சி அவரைத் திட்டுவாள், மண்ணை அள்ளுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜக்கம்மாவைப் பார்த்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் மத்தியானத்திலிருந்து அடுத்தவர் பொய்யை உரித்துக்கொண்டு வந்தவளுக்கு அது வாயில் வரவில்லை.

"பதினாலு வருசமா."

"பதினாலு வருசம்." முத்துப்பேச்சி அதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "மேலத்தெருக் கல்யாணத்துக்குப் போனேன், சாவுக்குப் போனேன், பந்தியில உக்காந்து சாப்பிட்டேன். எம் மகளைப் பத்தி என்னத்தை மனசுல வச்சுக்கிட்டு அவுக எனக்குச் சோறு போட்டாகன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"நான் சொல்லியிருந்தா நீங்க நம்பியிருக்க மாட்டீக அக்கா."

"நம்பியிருக்க மாட்டேன். உன்னை வைஞ்சிருப்பேன், வெளக்குமாத்தால அடிச்சிருப்பேன். ஆனா எம் மருமக பாண்டீஸ்வரியை இந்த ஆளு ஜீப்புல ஏறவிட்டிருக்க மாட்டேன். ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவளுக்கு அந்தப் பயம் போதாதா? இன்னைக்குக் காலையிலயும் அவ இவரு ஜீப்புலதேன் போயிருக்கா. நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

ஜக்கம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பாண்டீஸ்வரியை மட்டுமா? தினமும் பதினாலு ஜீப் நிறையப் பெண்கள் மலையேறிப் போவதைத் தலைவியாக மூன்று வருசமும், அதற்கு முன்னால் வழித்துணையாகப் பதினோரு வருசமும் பார்த்தாள். அப்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது சுருளிராஜனின் சட்டைக் காலர் ஒன்றுதான். அந்தக் காலரைப் பிடிக்கும் நாள் எது என்று மட்டும்தான் யோசித்திருக்கிறாள்.

"அக்கா, எம் புருசன் பேரு..." என்று தொடங்கினாள்.

"உம் புருசன் பேருக்கு என்ன? அவன் தங்கம்." முத்துப்பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் பொணத்தை மறிச்ச பாவி நான். இப்ப அவன் உசுரோட வந்தா காலைக் கழுவி உள்ள கூப்பிடுவேன். அவனுக்குத்தேன் இந்த வீட்டுப் படி. நீ எறங்கு."

ஜக்கம்மா படியிலேயே நின்றாள்.

"எறங்குன்னேன்ல. அங்கன போயி அந்தாளு பக்கத்துல நில்லு."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜக்கம்மா படியிறங்கினாள். சுருளிராஜன் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.